பெருந்தொற்றுக் காலத்தில் பனி ஹாக்கிப் போட்டிகள் மீண்டும் தொடங்கியது எவ்வாறு? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வீட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரோ, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரோ, நெடுநாள் நீரிழிவு உள்ளவரோ இருந்தால், தொற்றுநோய் பரவும் காலத்தில் அக்குடும்பத்தினர் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வழக்கமான வாழ்க்கைக்கு எப்போது திரும்பலாம்?”

2020-ஆம் ஆண்டில் இதே கேள்வி வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் முன்பும் எழுந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 31 அணிகள் பங்கேற்ற தொழில்முறைப் பனி ஹாக்கிப் போட்டித் தொடர் அது. போட்டிகளை நிறுத்திய லீக், சில மாதங்களில் மீண்டும் தொடங்கி, ஒருவருக்கும் தொற்று உறுதியாகாத வகையில் அந்தப் பருவத்தை முடித்தது. அடுத்த பருவத்தில் அவ்வாறு நிகழவில்லை. இந்த இரண்டு பருவங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிந்துகொள்வது, நோயாளிகள் உள்ள இல்லங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

முக்கியக் குறிப்புகள்

• எந்தத் தனி நடவடிக்கையும் தொற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. பல நடவடிக்கைகள் ஒருங்கே கடைப்பிடிக்கப்படும்போதே பாதுகாப்பு கிடைக்கிறது.
• “தொற்று இல்லை” என்னும் பரிசோதனை முடிவு, மாதிரி எடுக்கப்பட்ட நேரத்து நிலையை மட்டுமே காட்டும்.
• மூடிய, காற்றோட்டம் குறைந்த இடங்களில் தொற்று விரைவாகப் பரவும்.
• இணை நோய் உள்ளவர்கள் எப்போது, எந்த அளவுக்கு வெளியில் செல்லலாம் என்பதை அவர்களுடைய மருத்துவருடன் கலந்து முடிவு செய்ய வேண்டும்.
• தொற்றிலிருந்து மீண்டவர்கள் உடற்பயிற்சியைப் படிப்படியாகவே மீண்டும் தொடங்க வேண்டும்.

பனி ஹாக்கியில் தொற்று எளிதில் பரவுவது ஏன்?

நாம் நன்கு அறிந்த ஹாக்கி திறந்தவெளியில் ஆடப்படுகிறது. பனி ஹாக்கியோ பெரும்பாலும் கூரையிட்ட அரங்கினுள், உறைபனித் தளத்தின் மீது, சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படுகிறது. தளத்தைச் சுற்றித் தடுப்புப் பலகையும், அதற்கு மேல் ஒளி ஊடுருவும் கண்ணாடித் தடுப்பும் இருக்கும். ஒவ்வோர் அணியிலும் அறுவர் களத்தில் இருக்க, மற்றவர்கள் நீண்ட இருக்கையில் தோளோடு தோள் உரச அமர்ந்திருப்பர். ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டக்காரர்கள் மாறுவர். களத்திலிருந்து வருபவர் மூச்சு வாங்கியபடி சக வீரர்களின் அருகில் வந்து அமர்வார்.

தொற்று பரவுவதற்கு ஏற்ற சூழல்கள் பலவும் இங்கு ஒன்றுசேர்கின்றன. அரங்கம் மூடியது, காற்று குளிர்ந்தது. கண்ணாடித் தடுப்பு, தளத்தின் மேலுள்ள காற்று எளிதில் வெளியேறாதவாறு தடுக்கிறது. கடும் உழைப்பின்போது மனிதர் வழக்கத்தைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுத்து வெளியிடுவதால், தொற்றுள்ள ஒருவரிடமிருந்து வெளிப்படும் நுண்துளிகளும் மிகும்.

2020 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டாம்பா பே பகுதியில், பொழுதுபோக்காக ஆடப்பட்ட ஒரு பனி ஹாக்கி ஆட்டம் இதற்குச் சான்று. மொத்தம் 22 பேர் ஆடினர். அவர்களுள் ஒருவருக்கு ஆட்டத்தின்போது எந்த அறிகுறியும் இல்லை. மறுநாள்தான் அறிகுறிகள் தோன்றின. அடுத்த சில நாள்களில் அவரையும் சேர்த்து 14 ஆட்டக்காரர்களும், அரங்கப் பணியாளர் ஒருவரும் நோயுற்றனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களின் வார அறிக்கையில் இந்நிகழ்வு வெளியிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேர ஆட்டம், அறிகுறியற்ற ஒரே ஒருவர் என்ற நிலையில் இத்தனை பேர் நோயுற்றனர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது

பனி ஹாக்கி வரலாற்றில் பெருந்தொற்று புதியதன்று. 1919-ஆம் ஆண்டு, இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றின்போது, ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடைபெற்றது. மான்ட்ரியல் கனடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் ஆகிய இரு அணிகளும் தலா இரண்டு வெற்றிகளுடன் சமநிலையில் இருந்தன. ஏப்ரல் 1 அன்று நடைபெறவிருந்த தீர்மான ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னதாக, மான்ட்ரியல் அணியினர் பலர் காய்ச்சலில் விழுந்ததால் ஆட்டம் கைவிடப்பட்டது. அவ்வணியின் ஜோ ஹால், ஏப்ரல் 5 அன்று நிமோனியாவால் உயிரிழந்தார். அவ்வாண்டு கோப்பை எவருக்கும் வழங்கப்படவில்லை.

உடல் வலிமை மிக்க விளையாட்டு வீரர்களைத் தொற்று கடுமையாகத் தாக்காது என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்நிகழ்வு நீங்காச் சான்றாக உள்ளது.

2020: நிறுத்தமும் படிப்படியான தொடக்கமும்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மறுநாள், மார்ச் 12 அன்று, தேசிய ஹாக்கி லீக் தன் போட்டிகளை நிறுத்தியது. அப்போது வழக்கமான சுற்றில் 189 ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. அடுத்த சில நாள்களில் ஒட்டாவா அணி வீரர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. லீக்கில் கண்டறியப்பட்ட முதல் தொற்று அதுவே.

மே 26 அன்று லீக் ஆணையர் கேரி பெட்மன் மறுதொடக்கத் திட்டத்தை அறிவித்தார். எஞ்சிய 189 ஆட்டங்களும் கைவிடப்பட்டன. 31 அணிகளுள் 24 அணிகள் மட்டும் கோப்பைக்கான சுற்றுகளில் பங்கேற்கும் என முடிவாயிற்று. பங்கேற்போரின் எண்ணிக்கையைக் குறைத்ததே இத்திட்டத்தின் முதல் பாதுகாப்பு நடவடிக்கை எனலாம். மீள்வரவு நான்கு கட்டங்களாக வகுக்கப்பட்டது.

முதற்கட்டம்: வீரர்கள் அனைவரும் தத்தம் இல்லங்களில் தனித்திருத்தல்.

இரண்டாம் கட்டம் (ஜூன் 8 முதல்): அணியின் பயிற்சிக் கூடத்தில் சிறு குழுக்களாக, விருப்பத்தின்பேரில் மட்டும் பயிற்சி. வாரம் இருமுறை பரிசோதனை.

மூன்றாம் கட்டம் (ஜூலை 13 முதல்): முழு அணியாகப் பயிற்சி. ஒருநாள் விட்டு ஒருநாள் பரிசோதனை.

நான்காம் கட்டம்: ஜூலை 26 அன்று அணிகள் இரு நகரங்களுக்குச் சென்று தங்கின. ஆகஸ்ட் 1 அன்று போட்டிகள் தொடங்கின. நாள்தோறும் பரிசோதனை.

தளர்வு கூடக்கூடப் பரிசோதனையும் கூடியிருப்பதைக் கவனிக்கவும். கட்டுப்பாடுகளைத் தளர்த்தும்போது கண்காணிப்பையும் சேர்த்துத் தளர்த்துவது பொதுவாக நிகழும் தவறு. லீக் அதற்கு நேர்மாறாகச் செயல்பட்டது.

இரண்டாம் கட்டத்தில் பின்னடைவு ஏற்படாமலும் இல்லை. வீரர்கள் இல்லங்களில் தங்கி, பொதுச் சமூகத்துடன் தொடர்பில் இருந்த அக்காலத்தில் 40-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தொற்று உறுதியானது. டாம்பா பே லைட்னிங் அணி, வீரர்கள் சிலருக்கும் பணியாளர்களுக்கும் தொற்று ஏற்பட்டதால், ஜூன் 19 அன்று தன் பயிற்சிக் கூடத்தைத் தற்காலிகமாக மூடியது. தொற்று கண்டறியப்பட்டவுடன் நிறுத்தி, நிலைமை சீரானபின் தொடர்வதற்கு அத்திட்டத்தில் இடம் இருந்தது. அவ்வாண்டு கோப்பையை வென்றதும் அந்த அணியே.

பாதுகாப்பு வளையம் செயல்பட்ட விதம்

ஐ.பி.எல். கிரிக்கெட் செய்திகளில் ‘பயோ பபிள்’ என்னும் சொல்லைப் பலரும் படித்திருப்பீர்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையினரை ஓர் எல்லைக்குள் வைத்து, வெளியாருடன் தொடர்பின்றி இயங்கச் செய்யும் ஏற்பாடு அது. இக்கட்டுரையில் அதைப் பாதுகாப்பு வளையம் எனக் குறிப்பிடுகிறோம்.

ஹாக்கி லீக் இதற்காக இரு கனடிய நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. கிழக்குப் பிரிவு அணிகள் டொரன்டோவிலும், மேற்குப் பிரிவு அணிகள் எட்மன்டனிலும் தங்கின. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரமும் பரிசீலிக்கப்பட்டது. ஆயினும் அங்கு நோய்ப்பரவல் பெருகிவந்தது. கனடிய நகரங்களில் பரவல் குறைவாக இருந்தது. வளையத்தினுள் எத்துணைக் கட்டுப்பாடு இருப்பினும், அதைச் சூழ்ந்துள்ள ஊரில் பரவல் மிகுந்தால் பாதுகாப்பு குறையும். உணவு சமைப்போர், வாகனம் ஓட்டுவோர், அறைகளைத் துப்புரவு செய்வோர் எனப் பலரும் அவ்வூரைச் சேர்ந்தவர்கள் அல்லவா? நோயாளி வீட்டை விட்டு வெளியில் செல்லாதிருந்தாலும், தன் பகுதியில் பரவல் எந்த அளவில் உள்ளது என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

வளையத்தினுள் பின்வரும் நடைமுறைகள் கடைப்பிடிக்கப்பட்டன:

• ஓர் அணிக்கு அதிகபட்சம் 52 பேர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர்.
• தங்கும் விடுதியும் அரங்கமும் வேலியிட்டுப் பிரிக்கப்பட்டன. அனுமதியின்றி எவரும் வெளியேறவோ உள்ளே வரவோ இயலாது.
• பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை.
• நாள்தோறும் பரிசோதனை, உடல் வெப்பநிலை அளவீடு, அறிகுறிகள் குறித்த விசாரணை ஆகியவை நடைபெற்றன.
• உண்ணும்போதும் உடற்பயிற்சியின்போதும் ஆட்டத்தின்போதும் தவிர, பொது இடங்களில் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது.
• தொற்று உறுதியானால் உடனடியாகத் தனிமைப்படுத்தவும், தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறியவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டது.

இறுதிச் சுற்றுகள் எட்மன்டனில் நடைபெற்றன. 2020 செப்டம்பர் 28 அன்று டாம்பா பே லைட்னிங் அணி டல்லாஸ் ஸ்டார்ஸ் அணியை வென்று கோப்பையைப் பெற்றது. ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் 33,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் செய்யப்பட்டன. அணிகளைச் சேர்ந்த ஒருவருக்கும் வளையத்தினுள் தொற்று உறுதியாகவில்லை.

இவ்வெற்றிக்கு வீரர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. இறுதிவரை ஆடியவர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் குடும்பத்தைப் பிரிந்து, விடுதிக்கும் அரங்கத்துக்கும் இடையே மட்டும் வாழ்ந்தனர். தனிமையின் சுமையைப் பற்றிப் பலர் வெளிப்படையாகப் பேசினர். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் தனியறையில் இருப்பவர்களும், அவர்களுடன் தங்கும் பராமரிப்பாளர்களும் இதே சுமையைச் சுமக்கின்றனர். தனிமைப்படுத்துதல் பயனுள்ள நடவடிக்கைதான். ஆயினும் மனநலத்துக்கான ஏற்பாடும் அதனுடன் சேர்ந்தே இருத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் உறவினருடன் காணொலியில் பேசுவது, உறங்கும் நேரத்தை மாற்றாதிருப்பது, மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் கூறுவது ஆகியவை சிகிச்சையின் பகுதிகளே.

பரிசோதனை மட்டும் போதாதது ஏன்?

“பரிசோதனையில் தொற்று இல்லை என வந்துவிட்டது. பாட்டியைப் பார்க்கப் போகலாமா?” என்று பலரும் கேட்கின்றனர். இதற்கு விடை காண, நோயரும்பு காலம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

வைரஸ் உடலில் நுழைந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே நோயரும்பு காலம். 2020-இல் பரவிய கோவிட்-19 வகைக்கு இது 2 முதல் 14 நாள்கள் வரை, சராசரியாக ஐந்து நாள்கள் அளவில் இருந்தது. நுழைந்த முதல் ஓரிரு நாள்களில் வைரஸின் அளவு மிகக் குறைவாக இருப்பதால், ஆர்டி-பிசிஆர் பரிசோதனையிலும் அது புலப்படாமல் போகலாம். மறுபுறம், அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள்களுக்கு முன்பே ஒருவர் பிறருக்குத் தொற்றைப் பரப்பக்கூடும். எனவே திங்களன்று “தொற்று இல்லை” என வந்தவர் புதனன்று தொற்றைப் பரப்புபவராக இருக்கலாம்.

வேறொரு சிக்கலும் உண்டு. நோயிலிருந்து மீண்ட சிலருக்கு, வைரஸின் எச்சங்கள் காரணமாகப் பல வாரங்கள்வரை “தொற்று உள்ளது” என்றே முடிவு வரலாம். அவர்கள் பிறருக்கு நோயைப் பரப்புகிறார்கள் என்பது அதற்குப் பொருளன்று. ஆகவே ஒரே ஒரு பரிசோதனை முடிவை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அறிகுறிகள், நாள்கணக்கு, நோயாளியின் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றையும் மருத்துவர் கருத்தில் கொள்கிறார்.

நாள்தோறும் பரிசோதனை நடத்தியதால் லீக்குக்கு இந்த இடைவெளி குறைந்தது. அவ்வாறு செய்ய இயலாத இல்லங்களில், காற்றோட்டம், முகக்கவசம், கூட்டத்தைத் தவிர்த்தல் ஆகியவற்றின் மூலமே அந்த இடைவெளியைக் குறைக்க இயலும்.

நியாயம் பற்றிய ஒரு கேள்வியும் அக்காலத்தில் எழுந்தது. நோயாளிகள் பரிசோதனைக்காகக் காத்திருக்கையில், ஆரோக்கியமான வீரர்களுக்கு நாள்தோறும் பரிசோதனை செய்யலாமா? பொதுமக்களுக்குரிய பரிசோதனைகளைத் தாங்கள் எடுத்துக்கொள்ளப்போவதில்லை என்று லீக் அறிவிக்க வேண்டியிருந்தது. 2009-இல் எச்1என்1 இன்ஃபுளுவென்சா பரவியபோது, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மக்கள் நெடுநேரம் வரிசையில் காத்திருக்க, ஒரு ஹாக்கி அணியின் வீரர்கள் தனியே தடுப்பூசி பெற்றனர் என்ற செய்தி பெரும் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தது. அரிதான மருத்துவ வளம், தேவை மிகுந்தோருக்கே முதலில் சென்றடைய வேண்டும் என்பது பொது சுகாதாரத்தின் அடிப்படை.

இணை நோய் உள்ள வீரர்கள் எடுத்த முடிவுகள்

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இது. பங்கேற்க விரும்பாத வீரர், எவ்விதத் தண்டனையும் இன்றி விலகிக்கொள்ளலாம் என்று லீக்கும் வீரர்கள் சங்கமும் உடன்பட்டிருந்தன.

மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் மேக்ஸ் டோமிக்கு முதல் வகை நீரிழிவு நோய் உண்டு. அணியின் பயிற்சி தொடங்கியபோது அவர் உடனே சேரவில்லை. ஏழு முதல் பத்து நாள்கள்வரை நிலைமையைக் கவனித்தபின் முடிவெடுப்பார் என அணி அறிவித்தது. பின்னர் அவர் இணைந்து ஆடினார். “ஆம்”, “இல்லை” என்பவற்றுக்கு இடையே “சில நாள்கள் கழித்து முடிவு செய்வோம்” என்னும் மூன்றாவது விடையும் உண்டு என்பதை இது காட்டுகிறது.

கல்கரி பிளேம்ஸ் அணியின் ட்ராவிஸ் ஹமோனிக் வேறு முடிவை எடுத்தார். அவருடைய மகள் முந்தைய ஆண்டு சுவாசத் தொற்று காரணமாக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தாள். தன் குழந்தைகளின் நலன் கருதி, அந்தப் பருவத்தில் ஆடப்போவதில்லை என்று ஜூலை மாதத்தில் அவர் அறிவித்தார். தம் உடல்நலத்துக்குக் குறைவு ஏதும் இல்லாதிருந்தும், வீட்டில் உள்ள எளிதில் பாதிப்படையும் ஒருவரை முன்னிட்டு அவர் விலகினார். இது பராமரிப்பாளரின் முடிவு. வேலைக்குச் செல்வதா, திருமண நிகழ்ச்சியில் கலந்துகொள்வதா என்று தயங்கும் பராமரிப்பாளர்கள் பலர் இதே நிலையில் உள்ளனர். அவர்கள் ஒதுங்கியிருப்பதை அச்சம் என்றோ, உறவை மதியாமை என்றோ சுற்றத்தார் கருதலாகாது.

பிலடெல்பியா பிளையர்ஸ் அணியின் ஆஸ்கர் லிண்ட்ப்ளமுக்கு 2019 டிசம்பரில் யூவிங் சார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2020 ஜூலைத் தொடக்கத்தில் அவருடைய சிகிச்சை நிறைவுற்றது. உடனே அவர் களமிறங்கவில்லை. டொரன்டோவில் வளையத்தினுள் அணியுடன் பயிற்சி பெற்று, செப்டம்பர் 3 அன்று மீண்டும் ஆடினார். அப்போது அவருக்கு வயது 24. சிகிச்சை முடிந்த இரண்டே மாதங்களில் நிகழ்ந்த இவ்வரவு பலருக்கும் ஊக்கமளித்தது. ஆயினும் அவர் இளம் வயது விளையாட்டு வீரர். நாள்தோறும் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர். உடனிருந்த அனைவரும் நாள்தோறும் பரிசோதிக்கப்பட்ட சூழலில் ஆடியவர். வேதிச் சிகிச்சை முடிந்த ஒவ்வொருவரும் இதே கால அளவில் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் உடல் வலுவும் மீளும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

வளையம் இல்லாத அடுத்த பருவம்

அடுத்த பருவம் 2021 ஜனவரி 13 அன்று தொடங்கியது. வீரர்களை மீண்டும் மாதக்கணக்கில் அடைத்து வைக்க இயலாது என்பதால், அணிகள் தத்தம் நகரங்களிலேயே ஆடின. எல்லைக் கட்டுப்பாடுகள் காரணமாக ஏழு கனடிய அணிகளும் தனிப் பிரிவாக அமைக்கப்பட்டன. பரிசோதனைகள் தொடர்ந்தன. ஆயினும் வீரர்கள் இல்லம் திரும்பினர், கடைவீதிக்குச் சென்றனர், குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்தனர்.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. டல்லாஸ் ஸ்டார்ஸ் அணியில் 17 வீரர்களுக்குத் தொற்று ஏற்பட்டதால், அவ்வணியின் முதல் ஆட்டம் தள்ளிப்போனது. மார்ச் இறுதியில் வான்கூவர் கனக்ஸ் அணியில் 20-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தொற்று பரவி, அவ்வணி மூன்று வாரங்களுக்கும் மேலாக ஆட இயலாமல் போயிற்று. வீரர்களும் பரிசோதனையும் பெரும்பாலும் முன்போலவே இருந்தனர். மாறியது வெளியுலகத் தொடர்பு.

இப்பருவத்தின் இடையே லீக் எடுத்த ஒரு நடவடிக்கை குறிப்பிடத்தக்கது. 2021 பிப்ரவரியில், வீரர்கள் அமரும் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடித் தடுப்புகளை அகற்றுமாறு அரங்கங்களுக்கு உத்தரவிட்டது. காற்று தேங்காமல் வெளியேற வேண்டும் என்பதே நோக்கம். தொடக்கத்தில் மேற்பரப்புகளைக் கிருமிநாசினியால் துடைப்பதிலேயே உலகெங்கும் கவனம் மிகுந்திருந்தது. காற்றின் வழிப் பரவலைப் பற்றிய அறிவு வளர வளர, காற்றோட்டத்தின் இன்றியமையாமை தெளிவாயிற்று. வீட்டிலும் இதே விதிதான். நோயாளியின் அறையில் எதிரெதிராக உள்ள இரு சன்னல்களைத் திறந்து வைப்பது, செலவில்லாத பயனுள்ள பாதுகாப்பு.

தொற்றுக்குப் பின் உடற்பயிற்சி: இதயத்தைக் கவனியுங்கள்

மினசோட்டா வைல்ட் அணியின் இளம் வீரர் மார்கோ ரோசி, 2020 நவம்பரில் கோவிட் தொற்றுக்கு உள்ளானார். பின்னர் அணியில் சேரச் சென்றபோது நடத்தப்பட்ட மருத்துவப் பரிசோதனையில், அவருக்கு இதயத்தசை அழற்சி இருப்பது தெரியவந்தது. அப்பருவம் முழுவதும் அவர் ஆட இயலவில்லை. நீண்ட ஓய்வுக்குப் பின் படிப்படியாகப் பயிற்சி பெற்று மீண்டும் ஆடத் தொடங்கினார்.

வைரஸ் தொற்றுக்குப் பின் இதயத்தசை அழற்சி அரிதாகவே ஏற்படுகிறது. ஆயினும் அழற்சி உள்ள நிலையில் கடும் உடலுழைப்பில் ஈடுபட்டால் இதயத் துடிப்பு ஆபத்தான வகையில் சீர்குலையக்கூடும். ஆகவே தொற்றிலிருந்து மீண்டவர்கள் கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

• காய்ச்சல் உள்ளபோது உடற்பயிற்சி செய்ய வேண்டா.
• அறிகுறிகள் நீங்கியபின் மெதுவான நடையில் தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டவும்.
• நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், உடனே நிறுத்தி மருத்துவரை அணுகவும்.
• இதய நோய் உள்ளவர்களும், தொற்றின்போது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்களும், மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே உடற்பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இல்லங்களில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நோயாளியுடன் நெருங்கிப் பழகுவோரின் எண்ணிக்கையைக் குறைக்கவும். பரவல் மிகுந்த காலத்தில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் பராமரிப்பை ஏற்பது நல்லது.
2. பராமரிப்பாளருக்கு நோய் வந்தால் அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவும்.
3. வெளியிலிருந்து வருபவர் கைகளைக் கழுவி, முகக்கவசம் அணிந்து நோயாளியைச் சந்திக்கவும். சளி, காய்ச்சல், தொண்டைவலி உள்ளவர் அருகில் செல்ல வேண்டா.
4. இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரைகள், டயாலிசிஸ், வேதிச் சிகிச்சை ஆகியவற்றைத் தொற்று அச்சம் காரணமாகத் தாமாகவே நிறுத்த வேண்டா.
5. தேவையான தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு, நோயாளியும் உடன் வசிப்போரும் உரிய காலத்தில் செலுத்திக்கொள்ளவும்.
6. கட்டுப்பாடுகளை ஒரே நாளில் கைவிடாமல், ஒவ்வொன்றாகத் தளர்த்தவும். பரவல் மீண்டும் கூடினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பவும்.

உடனடியாக மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

மூச்சுத்திணறல், நெஞ்சில் இடைவிடாத வலி அல்லது அழுத்தம், குழப்பம், எழுப்பியும் விழிக்க இயலாத உறக்கம், உதடு அல்லது முகம் நீலம் பாய்தல், ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவும். வேதிச் சிகிச்சை பெறுவோருக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் அது அவசர நிலையே. ஆம்புலன்ஸ் சேவைக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும்.

நிறைவாக

ஹாக்கி லீக்கிடம் பொருள்வளமும் தனி மருத்துவர் குழுவும் இருந்தன. அவை எல்லா இல்லங்களிலும் இருப்பதில்லை. ஆயினும் அதன் திட்டத்தில் பணம் செலவாகாத பகுதிகளும் இருந்தன: பங்கேற்போரைக் குறைத்தல், படிப்படியாகத் தளர்த்துதல், தொற்று தென்பட்டால் நிறுத்துதல், விலக விரும்பியவரை மதித்தல், காற்று வெளியேற வழிவிடுதல். இவற்றை எந்த இல்லத்திலும் பின்பற்ற இயலும். “எப்போது திரும்பலாம்?” என்ற கேள்விக்கு அனைவருக்கும் பொருந்தும் ஒரு தேதியை மருத்துவரால் கூற இயலாது. உங்கள் நோயின் நிலை, சிகிச்சையின் கட்டம், உங்கள் பகுதியின் பரவல் ஆகியவற்றைப் பொறுத்தே விடை அமையும். அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது, இந்த மூன்றையும் பற்றிக் கேட்டறிந்து, உங்களுக்குரிய படிநிலைகளை அவருடன் சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. உங்கள் மருத்துவர் அளிக்கும் ஆலோசனைக்கு மாற்றாக இதைக் கொள்ளலாகாது.